மூன்று மணி பத்து நிமிடத் தூரம்

எங்கள் ஆபீசில் அவருக்கு டைரக்ட் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு, அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விமான டிக்கெட் விற்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. ஷட்டரைத் தூக்கினால் ஒரே கூடம், மூன்று மேசை, சுவரில் ஓர் உலகப் படம். ஏசி ஓடினால் படத்தின் கீழ் ஓரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். முதல் மேசை அவருடையது. இரண்டாவதில் நான், விசா விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. மூன்றாவது முதலாளியின் மேசை. அதன்மேல் முதலாளியைத் தவிர எல்லாம் இருக்கும்.

அவர் பக்கத்தில் பதினாறு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எல்லாருக்கும் தெரியும். நீளமான வாய் எந்த நேரத்தில் திறக்க வேண்டுமோ அந்த நேரத்தில் மூடிக்கொண்டது. அந்த ஆத்திரமும் இதில் சேர்ந்தே இருக்கிறது.

நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு உலகத்தில் எல்லாத் தூரமும் நேரம்தான். ஓர் ஊர் பெயரைச் சொன்னால் போதும், தலையை நிமிர்த்தாமலே "ரெண்டு மணி இருபது நிமிஷம்", "அஞ்சே முக்கால்" என்பார். கிலோமீட்டரும் தெரியும், கேட்டால்தான் சொல்வார். டிக்கெட் உறையின் பின்பக்கம் நீல மையில் இரண்டையும் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். கணினி அச்சடித்த தாளிலேயே எல்லாம் இருக்கிறதே, எதற்கு இந்த வேலை என்று நான் வம்பு செய்வேன். "அது மெஷின் சொல்றது. இது நான் சொல்றது" என்பார். ஒருநாள் வழிதவறி வந்த ஒருவர் காய்கறிச் சந்தை எங்கே என்று கேட்டதற்கு, "நடந்தா பதினோரு நிமிஷம். பறந்தா பத்து செகண்டு, ஆனா இறங்க எடமில்ல" என்றார். வந்தவர் சிரிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மதியம்வரை சிரித்தோம்.

இவ்வளவு நேரம் சொன்ன மனுஷர், நான் சொல்லப்போகிற அந்த நாள் வரைக்கும், விமானத்தில் ஏறியது மொத்தமே ஒரு தடவை, அதுவும் யாரோ கொடுத்த இலவச டிக்கெட்டில்.

டைரக்ட் என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாறிப் போகிற டிக்கெட்டை அவர் விற்க மாட்டார். வேறு வழியே இல்லாத ஊர் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போடுவார். நேராகப் போகிற விமானம் ஒன்று இருந்தால் அது எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் அதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பேத்தியைப் பார்க்கப் போன ஒரு வயதான தம்பதிக்கு மாறிப் போகிற டிக்கெட் போட்டுக் கொடுத்தார். முதல் விமானம் தாமதமாகிவிட்டது. அடுத்ததைத் தவறவிட்டு, மொழி தெரியாத விமான நிலையத்தில் இரண்டு பேரும் இருபத்தாறு மணி நேரம் நாற்காலியில் கிடந்தார்கள். சர்க்கரை நோயாளியான அந்த மனிதர் மயங்கி விழுந்து, பேத்தியைப் பார்க்காமலே திரும்பி வந்தார். வந்தவர் எங்கள் ஆபீஸுக்கு வந்து சத்தம் போட்டிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார். அவரோ, "உங்க மேல தப்பு இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அண்ணன் திரையில் வருகிற விமானங்களைப் பறக்கும் நேரத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார். குறைந்த நேரம் மேலே வரும். மேலே இருப்பதை எடுப்பார். கீழே பார்க்க மாட்டார்.

அவருக்கு ஒரே மகள். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யப் படித்தவள். ரத்தக் குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற பெண். அப்பனைப் போலவே குறும்பு. ஆபீஸுக்கு வந்தால் என் மேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, விண்ணப்பத்தில் ஒட்ட வைத்திருக்கும் போட்டோக்களுக்கெல்லாம் வக்கணை சொல்லுவாள். "அத்தை, இந்த ஆளு மூஞ்சியப் பாருங்க, விசா கெடைக்காதுன்னு முன்னாடியே தெரிஞ்சு அழுதுட்டாரு." அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நல்ல வேலைதான், ஊர்தான் தூரம். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது கிலோமீட்டர்.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஓர் ஓட்டலின் துணி அறையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்துப் பேச்சே குறைந்துபோன மனுஷி. அவர் ஒரு விஷயத்தை மாட்டேன் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அவரை அண்ணன் எப்படி வழிக்குக் கொண்டுவந்தார் என்பதை மறுநாள் ஆபீஸில் வந்து பெருமையாகச் சொன்னார்.

"ஒரே வார்த்தைதான்மா சொன்னேன். மூணு மணி பத்து நிமிஷம். இந்த ஜில்லாவுலயே அந்தக் கோடியில இருக்கிற உன் தங்கச்சியப் பாக்க பஸ் மாறிப் போறதுக்கு நாலு மணி நேரம் ஆகுது. அப்ப உன் தங்கச்சியவிட உன் பொண்ணு பக்கத்துலதானே இருக்கான்னேன். மடக்கிட்டேன்ல?"

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் யோசிச்சா. மூணு மணி பத்து நிமிஷம் நெசந்தானான்னு கேட்டா. நெசம்னேன். சரின்னுட்டா."

பொய்யில்லை. அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. தினமும் ஒரே ஒரு நேர் விமானம், பகல் ஒன்று நாற்பதுக்குக் கிளம்பி நான்கு ஐம்பதுக்கு இறங்கும். வீட்டிலிருந்து விமான நிலையம் போகிற நேரம், அங்கே காத்திருக்கிற நேரம், அடுத்த நாள் ஒன்று நாற்பது ஆகிறவரை உள்ள நேரம், இதெல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது. டிக்கெட் விற்கிற நாங்கள் யாருமே அதைச் சேர்ப்பதில்லை.

மகள் போய் இரண்டு வருஷம் ஆனது. இரண்டு முறை அவள் வந்து போனாள். இவர்கள் ஒரு முறைகூடப் போகவில்லை. "மூணு மணி நேரம்தானே, எப்ப வேணா போகலாம்" என்று அண்ணன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நாள் காலை ஏழு மணி இருக்கும். அந்த வாரம் ஆபீஸ் சாவி என்னிடம் இருந்தது. அண்ணன் என் வீட்டுக்கே வந்து நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. "பாப்பாவோட ரூம்ல இருக்கிற பொண்ணு போன் பண்ணிச்சுமா. நாலு நாளா காய்ச்சல்னு சொன்னாள்ல, நுரையீரல்ல இறங்கிடுச்சாம். மூச்சு விட முடியலையாம். ஐசியூல வச்சிருக்காங்களாம். ஆபீஸத் திற." வாசலில் வாடகைக் காரில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஷட்டரைத் தூக்கினேன். விளக்குகூடப் போடாமல் கணினியை முடுக்கினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். திரையில் பட்டியல் விழுந்தது. எப்போதும்போலப் பறக்கும் நேரத்தின் வரிசை. முதல் வரி: ஒன்று நாற்பது, நேர் விமானம், மூன்று மணி பத்து நிமிடம். அதற்கு அடுத்த வரி: காலை ஒன்பது இருபது. நடுவில் ஓர் ஊரில் ஐம்பத்தைந்து நிமிட இடைவெளி. போய்ச் சேருவது ஒன்று முப்பத்தைந்து. மொத்தம் நான்கேகால் மணி நேரம்.

நேர் விமானம் இங்கே கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே அது அங்கே இறங்கியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிகிற கணக்கு.

"அண்ணே, இது..." என்று விரலை நீட்டினேன்.

"வேண்டாம்மா. அம்பத்தஞ்சு நிமிஷம்தான் நடுவுல. முதல் ப்ளைட்டு லேட்டாச்சுன்னா? அவளையும் கூட்டிக்கிட்டு நடுவழியில நின்னேன்னா? நேராப் போயிடறேன்."

விரலை மடக்கிக்கொண்டேன். சந்தைக்காரியைப்போல எல்லாரிடமும் எகிறுகிறவள், அன்று வாயை மூடிக்கொண்டேன். டிக்கெட் விஷயத்தில் டைரக்ட் அண்ணனுக்கு யார் புத்தி சொல்வது? அவர் டிக்கெட்டைப் போட்டு, உறையின் பின்பக்கம் கிலோமீட்டரையும் நேரத்தையும் எழுதி, காரில் இருந்த அண்ணியிடம் கொடுத்தார். இத்தனை வருஷத்துப் பழக்கம், அது பாட்டுக்கு எழுதிவிட்டது.

பத்து மணிக்கெல்லாம் விமான நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அறைத்தோழி போன் செய்து, மகளின் காதருகே வைத்தாள். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து மகள் பேசியது பாதிதான் கேட்டதாம். "எப்பப்பா வருவீங்க?" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டதாம். "நாலு அம்பதுக்கு இறங்கிடுவோம்டா கண்ணு. மூணு மணி பத்து நிமிஷம்தான்" என்றாராம். இவர் போனை அண்ணியிடம் கொடுப்பதற்குள் அந்தப் பக்கம் நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டார்.

விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. நேரத்துக்கு இறங்கியது. ஒரு நிமிடம் பிசகவில்லை. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

அங்கே நடந்ததை அறைத்தோழிதான் பிறகு சொன்னாள். இரண்டரை மணிக்கே மருத்துவர்கள் தொண்டையில் குழாய் போட வேண்டும், மயக்கத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குழாய் போடுவதென்றால் என்னவென்று மகளுக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளாயிற்றே. "அம்மா வந்ததும் போடலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர்களுக்கும் மனசு வரவில்லை. முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். அந்த முக்கால் மணி நேரமும் அவள் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். மூன்றேகாலுக்கு, இனிமேல் பொறுக்க முடியாது என்று போட்டுவிட்டார்கள். அதன்பின் அவள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். அவர்கள் இரண்டு பேரும் அந்த மூன்று நாளும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது என்று அண்ணன் சொன்னார்.

இருபத்து நான்கு வயது.

நான் செய்யக் கூடாத ஒரு காரியம் செய்தேன். அவர்கள் கிளம்பிப் போன அன்று மத்தியானம் ஆபீஸில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அந்த ஒன்பது இருபது விமானம் என்ன ஆயிற்று என்று பார்த்தேன். முதல் விமானம் சரியான நேரத்தில் இறங்கியிருந்தது. இரண்டாவது ஒன்று இருபத்தெட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது, ஏழு நிமிடம் முன்னால். ஆஸ்பத்திரிக்கு இரண்டரைக்குப் போயிருப்பார்கள், மிஞ்சிப்போனால் இரண்டே முக்கால். அவள் விழித்திருந்தாள்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் வேலைக்கு வந்தார். இளைத்துப்போயிருந்தார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அப்படியேதான் இருந்தார். அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "அன்னைக்கு அது நேரத்துக்குப் போச்சாமா?" எது என்று நான் கேட்கவில்லை. கேட்டு நடிக்கத் தெம்பில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். "ஒண்ணு இருபத்தெட்டு" என்று அவரே சொன்னார். அவரும் பார்த்திருக்கிறார்.

அதன்பின் உறையில் எழுதுவதை விட்டுவிட்டார். யாராவது எவ்வளவு நேரம் ஆகும் சார் என்றால், தாளை நீட்டி "அதுலயே இருக்கு, பாத்துக்குங்க" என்பார். தூதரகத்துக்குப் பாஸ்போர்ட் கொண்டுபோவது என் வேலை. அதைத் தானே வாங்கிக்கொண்டு வெயிலில் கிளம்பிவிடுவார். வரிசையில் நிற்கிற இடத்தில் யாரும் தூரம் கேட்க மாட்டார்கள்.

அப்படி அவர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் அண்ணி ஆபீஸுக்கு வந்தார். ஓட்டல் சீருடையிலேயே வந்திருந்தார், கையில் சலவை சோடா வாசனை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட. அன்னைக்குக் காலையில நீயும் இங்கதானே இருந்த?"

"ஆமா அண்ணி."

"ஒண்ணு நாப்பதுக்கு முன்னாடி வேற ப்ளைட்டு எதுவும் இல்லையா?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். முதலாளி இல்லை என்று, பஸ் பழுதாகிவிட்டது என்று. ஒன்றுகூட இவ்வளவு சுலபமாக வந்ததில்லை. "இல்ல அண்ணி. இருந்திருந்தா அண்ணன் விட்டுருப்பாரா?"

என் முகத்தையே பார்த்தார். "நல்லாப் பாத்தியா?"

"அவருக்குப் பின்னாடியேதான் நின்னுக்கிட்டிருந்தேன். நானும் பாத்தேன். எதுவும் இல்ல."

"மாறிப் போறதுகூட?"

"மாறிப் போறதுகூட இல்ல அண்ணி."

அந்தக் கேள்வி எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஓட்டலில் துணி மடிக்கிறவருக்கு மாறிப் போகிற விமானத்தைப் பற்றி என்ன தெரியும்? பதற்றத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அண்ணி இரண்டு மூன்று தடவை தலையை ஆட்டினார். சீருடையின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. நீ சொன்னாப் போதும் எனக்கு" என்று எழுந்தார். வாசல்வரை போனேன். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு வெயிலில் நடந்து போனார்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதுபோல. அண்ணன் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்ததும், தண்ணீர் குடிக்கவிடாமல் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, அண்ணி வந்தாங்க. முன்னாடி ப்ளைட்டு இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நீங்களும் அதையே சொல்லுங்க, மாத்திடாதீங்க."

அவர் பையை மேசைமேல் வைத்தார். "நேத்து சாயங்காலமே எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன்மா" என்றார். "ஒம்போது இருபது, நடுவுல மாறணும், ஒண்ணு இருபத்தெட்டுக்கே இறங்கிடுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொல்லாம அவ போடற சாப்பாட்டச் சாப்பிட முடியல."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"எழுந்து போயி, கொடியில இருந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சா. மடிச்சதையே பிரிச்சு மறுபடி மடிச்சா."

ஆக, தெரிந்துதான் என்னிடம் வந்திருக்கிறார். நான் பொய் சொல்லுகிறேன் என்று தெரிந்தேதான் என் முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறார். அன்று மிச்ச நேரம் முழுக்க ஒரு விண்ணப்பத்தைக்கூட என்னால் பிழையில்லாமல் நிரப்ப முடியவில்லை. ஓர் அம்மாளுக்குத் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பிறந்த தேதியை எழுதி வைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கணினியைப் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பையை வைக்கிறவரை பொறுத்திருந்து பேச ஆரம்பித்தார்.

"நேத்து வீட்டுக்குப் போனதும் அவளே பேச்செடுத்தா. 'உங்க ஆபீஸ்ல போயி விசாரிச்சுட்டேன். அன்னைக்கு வேற ப்ளைட்டே இல்லையாம். பக்கத்துல நின்ன பொண்ணே சொல்லிடுச்சு. நீங்க ஏதோ கொழம்பிப்போயி இருந்துச்சு இருந்துச்சுன்றீங்க. இனிமே அந்தப் பேச்ச என்கிட்ட எடுக்கக் கூடாது'ன்னா. சாப்பாடு போட்டா. பக்கத்துல உக்காந்து அவளும் சாப்பிட்டா. இத்தனை நாள்ல நேத்துதான் ஒழுங்கா சாப்பிட்டா."

"நல்லதுதானே அண்ணே. அண்ணி உங்கள விட்டுக்கொடுக்கல."

"தெரியும்மா. அது தெரியாதா எனக்கு?" பதினாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றுகூட அழவில்லை. இப்போது இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "திட்டுவான்னு நெனச்சேன். நாலு அறை விட்டிருந்தாக்கூட வாங்கிக்கிட்டு நின்னுருப்பேன். கொன்னுட்டியேன்னு கத்தியிருந்தா, ஆமாண்டி கொன்னுட்டேன்னு அவ கால்ல விழுந்திருப்பேன். அவ அப்படி ஒரு ப்ளைட்டே இல்லன்னுட்டா. இனிமே நான் யார்கிட்டம்மா போயி மன்னிப்பு கேக்கறது?"